மங்கி குல்லாயில் ஓர் இறால்

என் வீட்டுக்காரர் பீளமேட்டில் பட்டறை வைத்து மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். தொண்ணூறுகளில் அவருக்கு மலை ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவர் மோட்டார் ரிப்பேருக்கு வந்த ஓர் அதிகாரி. தன் வெளிநாட்டுத் தூண்டிலைக் காட்டி ஆசையைக் கிளப்பி, அதை இரவலாகவும் கொடுத்துவிட்டார். இவர் ஞாயிறுதோறும் அதைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்கு அந்தப் பக்கம் அவலாஞ்சி ஓடைக்குப் போவார், வெறுங்கையோடு திரும்பி வருவார். அப்புறம் அதிகாரிக்கு டெல்லிக்கு மாற்றலாகிவிட்டது. திங்கட்கிழமை தூண்டிலைத் திருப்பித் தர வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஞாயிறு.

"ஒத்த மீனு, அம்மணி. நான் புடிச்சேன்னு ஒருக்காச் சொல்லிப்போடோணும்" என்று சோற்றைப் பிசைந்தபடி புலம்பினார். பாவமாகத்தான் இருந்தது.

அந்த ஓடையில் புழு போடக்கூடாதாம். கொக்கியிலேயே நூலைச் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து போட வேண்டுமாம். கல்லுக்கடியில் அரிசி நீளத்தில் குட்டி இறால் கிடக்கும், அதை மீன் விரும்பித் தின்னும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். சனிக்கிழமை இவர் பட்டறை வைஸில் கொக்கியை இறுக்கி ஓர் இறால் கட்டினார். பளபளவென்று சிவப்பு நூல். காயில் கட்டுவது போலவே இழைக்கு இழை நெருக்கம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, இது கொழம்புல வெந்த எறாவுங்க. உசுரோட இருக்கறது செவப்பாவா இருக்கும்?"

"பின்னே?"

பின்னேயாமே! உக்கடம் மீன் மார்க்கெட்டை ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தட்டில் வந்து விழுந்த இறாலைத் தவிர வேறு இறாலைக் கண்டறியாத மகராசன். பச்சை இறால் சாம்பல் நிறமாக இருக்கும் என்றேன்.

"அப்ப நீயே கட்டு, பாக்கலாம்" என்று முறுக்கிக்கொண்டார். ஆனாலும் வேறு கொக்கியை மாட்டி வைத்தார்.

கட்டினேன். அவருடைய சாம்பல் நிற மங்கி குல்லாயிலிருந்து கொஞ்சம் கம்பளியைப் பிய்த்தேன். "ஐயோ, குல்லா!" என்று அலறினார். அதை நூலோடு முறுக்கிக் கொக்கியில் சுற்றி, முதுகுக்குப் பால் கவரில் வெட்டிய மெல்லிய கீற்றை வைத்தேன். அதன்மேல் காயில் கட்டும் செப்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றியதும் வரி வரியாக வந்துவிட்டது. முடிச்சை அவர் போட்டுக் கொடுத்தார். கடைசியில் ஊக்கால் அடிவயிற்றுக் கம்பளியைக் கிளறிவிட்டேன், அதுதான் கால்கள். இத்தனை பிசிறான வேலையைப் பார்க்க அவருக்கு மனசே ஆகவில்லை.

ஞாயிறு நானும் கூடப் போனேன். மதியம் வரை சிவப்பு இறாலையே வீசினார். அதை ஒரு மீனும் சீண்டவில்லை. பிறகு என்னுடையதை மாட்டி நீரில் போட்டுவிட்டு, "இதப் புடி, மொகங் கழுவிட்டு வாரேன்" என்று தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அந்த நேரம் பார்த்தா மீன் சுண்ட வேண்டும்!

"ஏனுங்க! ஓடியாங்க! நீங்களே இழுங்க!"

ஓடி வந்தவர் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "உட்றாத, அம்மணி! நூலத் தளர உட்றாத! அப்படித்தான்!" என்று கத்தினாரே தவிர, தூண்டிலைத் தொடவில்லை. உடம்பெல்லாம் புள்ளியாக ஒரு முழ மீன் கரையில் வந்து விழுந்தது. அதன்பிறகு சாயங்காலம் வரை அவர் வீசியும் வேறெதுவும் கடிக்கவில்லை.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். மனிதருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை, அதையும் பாவி நான் தட்டிப் பறித்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. வறுத்த மீனை வைத்தபோதும் தலை நிமிராமல்தான் சாப்பிட்டார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு பட்டறைக்குப் போனேன். உள்ளே அதிகாரி தூண்டிலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"கடைசியில ஒண்ணாவது பிடிச்சியாப்பா?"

"எங்கூட்டு அம்மணி புடிச்சுதுங்க சார்! இத்தாத்தண்டி!" இவர் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். "எறாவும் அதுவே கட்டுனதுங்க. காத்தாலயிருந்து மோட்டார் கொண்டாந்தவிங்க ஒருத்தரு பாக்கியில்லாமச் சொல்லிப்போட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா, அந்த மனிதர்? கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.