இரவல் சங்கிலி

என் தங்கையின் கழுத்தில் கிடந்த அந்த இரவல் சங்கிலியை நினைத்தால் இன்றும் எனக்குக் கை கூசுகிறது. அறுபதுகளின் நடுவில் நாங்கள் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். அவளுக்கு நாலு வயது, எனக்குப் பதினொன்று. பொன்னுக்கு வீங்கி வந்து அவளுக்கு இரண்டு கன்னமும் உப்பிவிட்டன. தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். வீட்டில் குந்துமணித் தங்கம் கிடையாது. அம்மா பெரியம்மாவிடம் ஒரு சங்கிலி வாங்கி வந்து போட்டுவிட்டாள். வயிறு வரை தொங்கிய அதைத் தங்கை நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருந்தாள். கழற்றவே மாட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

வீக்கம் வடியும் நேரத்தில் கடும் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. அது தணிந்து எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படுத்துக் கிடந்த அசதி என்று விட்டுவிட்டோம். மறுநாளே பெரியம்மா வந்தாள். குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம், சங்கிலி வேண்டும் என்றாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த தங்கையை அம்மா மூன்று முறை கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. பெரியம்மாவின் முகம் சுண்டிப்போனது.

“காது கேக்காத மாரி நடிக்கிறாம்மா. அத குடுக்க மனசில்ல அவளுக்கு” என்றேன் நான். சொன்னதோடு நிற்காமல், பின்னால் போய் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துச் சங்கிலியைத் தலை வழியாக உருவினேன். அடுத்த நாலைந்து நாளும் வீம்பு என்றே திட்டினோம்.

ஒருநாள் அவளுக்குப் பின்னால் பித்தளைத் தவலை உருண்டு விழுந்தும் அசையாததைக் கண்ட பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது. சிதம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் கொண்டுபோனார், நானும் போனேன். டாக்டர் அவள் தலைக்குப் பின்னால் மணியை ஆட்டினார். எனக்குக் காது அடைத்தது. அவள் மேஜை மேல் இருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள போற நரம்பு ரெண்டு பக்கமும் செத்துப்போச்சி. பொன்னுக்கு வீங்கியில அபூர்வமா சில புள்ளைங்களுக்கு இப்பிடி ஆவுது. இனிமே திரும்பாதுங்க” என்றார். முன்பே வந்திருந்தால் என்று அப்பா இழுத்தார். அப்போதும் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதில் எனக்கு என்ன ஆறுதல்? அடிக்காமலாவது இருந்திருக்கலாம்.

பேசத் தெரிந்த பிள்ளை, ஒவ்வொரு சொல்லாக மறந்தாள். வருஷம் திரும்புவதற்குள் ‘அண்ணா’வும் போய்விட்டது.

அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் அவளுக்கென்றே ஒரு சங்கிலி வாங்கி வந்தேன். ஆசையில், பின்னால் நின்று கழுத்தில் போட்டுவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகைக் குறுக்கிக்கொண்டு, அவசர அவசரமாக அதைக் கழற்றிப் பின்பக்கமாக நீட்டினாள்.