லீற்றருக்குப் பன்னிரண்டு

ஊர்காவற்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு போக என் மனைவியின் முழங்கால்கள் விடாது. மாதம் இரண்டு தடவை கிளினிக். என் பழைய காரில்தான் போய் வருவோம். பெற்றோல் விலை ஏற ஏற அவளுக்கு மனம் உறுத்தத் தொடங்கியது. என் பென்சனைத் தன் முழங்கால் குடிக்கிறது என்று ஒரு நினைப்பு.

"லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுதெண்டு காட்டுங்கோ. இல்லாட்டி நான் இனி பஸ்ஸிலதான்" என்றாள் ஒரு நாள்.

ஏன் பன்னிரண்டு என்று கேட்டேன். அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேராம். சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. பிடிவாதத்தில் அவளை வெல்ல இந்தத் தீவில் ஆள் இல்லை.

அடுத்த நாள் தனியாகப் புறப்பட்டேன். ஊரிலுள்ள பெற்றோல் செட்டில் தாங்கியைக் கழுத்து மட்டும் நிரப்பி, மீட்டரைப் பூச்சியமாக்கி, பண்ணைப் பாலம் தாண்டி, நகரத்துச் செட்டில் மறுபடி கழுத்து மட்டும் நிரப்பினேன். ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் பதினைந்து! பெற்றோல் அடித்தவரிடமே சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து என்றேன். திரும்பியும் பார்க்கவில்லை.

"வரேக்கையும் அளந்தனீங்களோ?"

"இல்லை, போகேக்க மட்டும்."

"சோளகக் காத்து முதுகில பிடிச்சுத் தள்ளினா எந்த வள்ளமும் ஓடும். போய் வாறதைச் சேர்த்து அளந்துபோட்டுச் சொல்லுங்கோ."

கடலுக்குப் போனவரின் மகளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த எனக்கு அந்தக் காற்று கணக்கில் வரவில்லை. சேர்த்து அளந்தேன். பத்து.

பிறகு ஒரு கிழமை காரோடு மல்லுக்கட்டினேன். ரயர்களுக்குச் சரியாகக் காற்றடித்தேன். தூசி அடைத்துக்கிடந்த எயார் ஃபில்டரை மாற்றினேன். டிக்கியைத் திறந்தால் செத்துப்போன பற்றரி, அரை மூட்டை சீமெந்து, கோவில் திருநாளுக்கு இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சமையல் கிடாரம். எல்லாவற்றையும் இறக்கினேன். கிளினிக் நாளன்று அவளையும் ஏற்றிக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல், ஒரே சீராக ஓட்டினேன். சைக்கிள்காரர் மட்டும்தான் எங்களை முந்தவில்லை.

திரும்பி வந்து ஊர்ச் செட்டில் நிரப்பினேன். பதினொன்றரை.

பன்னிரண்டு என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

"நான் சொன்னனான்தானே" என்றாள் மெதுவாக. "என்னை இறக்கிப்போட்டு ஓடிப் பாருங்கோ, பன்னிரண்டு வரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உம்மை ஏத்தாமல் எனக்கு இந்தக் கார் என்னத்துக்கப்பா?" என்று செட்டுக்கே கேட்கக் கத்தினேன்.

அடுத்த கிளினிக் நாளில், நான் சட்டை போட்டு வருவதற்கு முன்பே காரின் முன் சீற்றில் ஏறி இருந்தாள்.