ஆர்டர் செய்யாத எலும்பு ரசம்

ஞாயிறு காலை நாலே முக்காலுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து பெங்களூர் வண்டி கிளம்பியது. டிக்கெட் 245 ரூபாய். தூரம் இருநூறு கிலோமீட்டர் சொச்சம். காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று முந்தின நாள் சொன்னபோது என் மனைவி, "ஏன், சேலத்துல அடுப்பு எரியலையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மூன்று வருடம் தட்டிக்கழித்த அழைப்பு இது, நாளைக்குப் போகாவிட்டால் இனிமேல் போக முடியாது என்று மட்டும் சொன்னேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். நான் பெங்களூர் ஈஜிபுராவில் ஐந்து வருடம் குடியிருந்தவன். மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடித்துப் பட்டியல் போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். குமரேசன் என்று ஒருவன், திருவண்ணாமலைக்காரன், பொம்மனஹள்ளியில் ரூம். ரெஜினா என்று ஒருத்தி, விவேக் நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் எழுதுவாள், நான் குறை பிடிப்பேன், குமரேசன் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேசுவான். அலுவலகத்தில் ஐந்து நாள் இப்படிச் சண்டை போட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஏதாவது ஓர் ஏரியாக் கடையில் கூடிச் சாப்பிடுவோம். பெங்களூர் அதற்குப் பிரன்ச் என்று பெயர் வைத்திருக்கிறது. என் அம்மா அதை ரெண்டுங்கெட்டான் சாப்பாடு என்பாள்.

எந்தக் கடை என்பதைச் சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்பில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம். மூன்று ஓட்டு, இரண்டு விழுந்தால் ஜெயம். இதில் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். இணையத்தில் நாலு புள்ளி மூன்றுக்குக் கீழே மதிப்பெண் வாங்கிய கடையில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ரெஜினா வாராவாரம் விவேக் நகரில் ஒரு சின்ன ஓட்டலைச் சொல்லுவாள். அதன் மதிப்பெண் மூன்று புள்ளி ஏழு. நான் எதிர்ப்பேன், குமரேசன் என் பக்கம் சாய்வான். "சரி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று அவளே முடித்துக்கொள்வாள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். பிரன்ச் ரத்து. ரெஜினா போன் செய்து, வெளியே போக வேண்டாம், அந்தக் கடையிலிருந்தே வரவழைத்துச் சாப்பிடு, பக்கம்தான் என்றாள். அவள் வாயை அடைப்பதற்காகவே ஆறு இட்லியும் ஒரு மட்டன் குழம்பும் ஆர்டர் செய்தேன். வந்த பையில் மூன்றாவதாக ஒரு டப்பா இருந்தது. எலும்பு ரசம். நான் கேட்காதது. வாயில் வைத்தால் உப்பும் இல்லை. படுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் இரண்டு வரி தட்டினேன்: ஆர்டர் செய்யாத பொருளை அனுப்பியிருக்கிறார்கள், கவனக்குறைவு, சமைப்பவருக்கு உப்பு போடத் தெரியவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். எதிர்பார்த்தது இரண்டு, வந்தது மூன்று என்றால் எங்கள் தொழிலில் அது குறைதான். அன்று காய்ச்சலிலும் ஒரு திருப்தியோடு தூங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு ரெஜினா அந்தக் கடைப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருவழியாக அலுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த சில மாதத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானது; கல்யாணமும் ஆகி நான் சேலம் வந்துவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்துப் போன வாரம் எங்கள் குழுவில் அவளிடமிருந்து செய்தி: "அந்தக் கடை மாஸ்டர் வர்ற ஞாயித்துக்கிழமையோட நிக்கிறாரு. முழங்கால் முடியல. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போங்க." இந்த முறை ஓட்டெடுப்பு இல்லை. குமரேசன் சரி என்றான். நானும் சரி என்றேன்.

ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரி தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். டீ பதினைந்து ரூபாய். சுடுதண்ணீருக்கு அது அதிகம். பக்கத்து இருக்கையில் தர்மபுரியில் ஏறிய ஓர் அக்கா. பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் தையல் வேலை, ஊருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். இட்லிக்காகவா என்று சிரித்துவிட்டு, "அவ்ளோ நல்லா இருக்குமா அந்தக் கடை?" என்றார். நல்லா இருக்காது என்று ஊரெல்லாம் எழுதி வைத்தவன் நான். போனதில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெங்களூரில் பைத்தியங்கள் சகஜம் என்று நினைத்திருப்பார்.

ஓசூரில் அரை மணி நேர நெரிசல். அத்திப்பள்ளி தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி இறங்கிப் பொம்மனஹள்ளியில் கால் வைத்தபோது ஒன்பது நாற்பது. குமரேசன் சாலையோரம் நின்றிருந்தான். தொப்பை போட்டிருந்தான், என்னைப் பார்த்து அவனும் அதையேதான் சொன்னான். விவேக் நகருக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோ 220 ரூபாய். ஓட்டுநர் இங்கேயே பிறந்த தமிழர். போனில் கன்னடம், எங்களிடம் தமிழ், மற்ற வண்டிக்காரர்களிடம் உருது. ஈஜிபுரா சிக்னலில் என் பழைய தெருமுனை தெரிந்தது. அங்கிருந்து அந்தக் கடைக்கு நடந்தே இருபது நிமிடம்தான். ஐந்து வருடம் இருபது நிமிடம் நடக்காதவன் இன்று ஐந்து மணி நேரம் பயணம் செய்கிறேன் என்று குமரேசனிடம் சொன்னேன். அவன், "நானும் சேந்துதானடா ஓட்டுப் போட்டேன்" என்றான்.

"சர்ச்சுல பூசை வுடற நேரம் சார். ஸ்வல்ப முன்னாடியே எறங்கிக்குங்க, உள்ள போனா வண்டி திரும்பாது" என்று ஓட்டுநர் எங்களைக் குழந்தை இயேசு ஆலயத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார். பூ, மெழுகுவர்த்திக் கடைகளைத் தாண்டி, இரண்டாவது குறுக்குத் தெருவில் கடை. ஆறு மேசை. நீலப் பெயின்ட் அடித்த சுவர். பத்தரையிலிருந்து பதினொன்று வரை இங்கே ஒரு விசேஷம் உண்டு என்று ரெஜினா அடிக்கடி சொல்லியிருக்கிறாள்: காலை இட்லி தீர்ந்திருக்காது, மதியப் பிரியாணி தம் பிரிந்திருக்கும், இரண்டையும் ஒரே இலையில் வாங்கலாம். பூசை முடிந்து வருகிறவர்களுக்கு அதுதான் கணக்கு. அந்தக் கூட்டம் ஐந்து மேசையை நிறைத்திருந்தது. மூலை மேசையில் மட்டும் ஒரு தண்ணீர் ஜக்கை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். அங்கே ரெஜினா உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து வந்து குமரேசனின் தொப்பையைக் கிண்டல் செய்தாள். என் மனைவியை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டாள். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, "ப்பா, வந்துட்டாங்க" என்று கூப்பிட்டாள்.

வெளியே வந்தவருக்கு அறுபதுக்கு மேலிருக்கும். இடுப்பில் துண்டு, வலது முழங்காலில் இறுக்கிக் கட்டிய பட்டை, சுவரைப் பிடித்துப் பிடித்து நடை. அருளப்பன் மாஸ்டர். இருபத்திரண்டு வருடமாக இந்த அடுப்பில் நிற்பவர். ரெஜினாவின் அப்பா.

மூன்று வருடம் ஞாயிறுதோறும் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். எந்தக் கடையில் தோசை எத்தனை நட்சத்திரம் என்பது எனக்கு மனப்பாடம். ரெஜினாவின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. குமரேசன்தான் வாய்விட்டுக் கேட்டான், இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று.

"சொன்னா மரியாதைக்கு வருவீங்க. நல்லா இல்லன்னாலும் நல்லா இருக்குன்னுவீங்க. நீங்களா வந்து, சாப்ட்டு, நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு அப்புறம் அப்பாவக் கூப்ட்டுக் காட்டலாம்னு இருந்தேன்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

மாஸ்டர் எங்களைப் பார்த்த பார்வையில் புது ஆளைப் பார்க்கிற கூச்சமே இல்லை. குமரேசனுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இட்லியைக் குழம்பில் ஊறவிட்டுச் சாப்பிடுகிறவன் என்பதும் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் ஞாயிறு பத்தரைக்கு இந்த மூலை மேசையில் ஜக்கை வைத்து, பதினொன்று வரை யாரையும் உட்காரவிட மாட்டாராம். பிறகு மகளிடமிருந்து போன் வரும், இந்த வாரம் வேறு கடைக்குப் போகிறோம் என்று. ஜக்கை எடுத்துவிடுவார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. வயசுப் பிள்ளைகள் நாலு இடம் போகத்தான் வேண்டும் என்றார்.

இட்லி வந்தது, மட்டன் குழம்பு வந்தது, ஆளுக்கு அரைப் பிளேட் பிரியாணி வந்தது. நாலு இட்லி நாற்பது ரூபாய், குழம்பு 140, அரைப் பிரியாணி 130 என்று பலகையில் எழுதியிருந்தது. குழம்பில் மிளகு தூக்கலாக, தேங்காய் அடங்கி இருந்தது. உப்பு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெங்களூரில் நான் நாலு புள்ளி ஆறு, ஏழு என்று தேடித் தேடித் தின்ற எந்தக் கடையிலும் இப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை. குமரேசன் தலை நிமிரவே இல்லை.

கடைசியில் மாஸ்டரே ஒரு டம்ளரை எடுத்து வந்து என் முன்னால் மட்டும் வைத்தார். எலும்பு ரசம்.

"இது நீங்க கேக்கல தம்பி. அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல்னு பாப்பா சொல்லுச்சு. ஆர்டர்ல உங்க பேரு வந்ததும் நல்லியா பாத்து எடுத்து ஒரு டப்பா வச்சு வுட்டேன். காய்ச்சல்காரனுக்கு உப்பு ஒத்துக்காதுன்னு கைய அடக்கித்தான் போட்டேன். குடிச்சீங்களா? எதமா இருந்துச்சா?"

நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துச்சு அங்கிள்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு டம்ளர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். அன்று ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கழிவுத்தொட்டியில் கொட்டினேன். இன்று இரண்டு டம்ளர் குடித்தேன்.

பன்னிரண்டே காலுக்குக் கிளம்பினோம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வாசல் வரை வரப் பார்த்தார். முழங்கால் விடவில்லை, கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்று கையசைத்தார். குமரேசன் ஆட்டோ பிடிக்க முன்னால் போனான். மெழுகுவர்த்திக் கடை நிழலில் ரெஜினாவிடம் வாயைத் திறந்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"தெரியும் சரவணா. உன் பேரோடதான வந்துச்சு. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. யாரு என்ன எழுதினாலும் ராத்திரி நான்தான் படிச்சுக் காட்டுவேன். அன்னிக்கு உன்னோடத மட்டும் தாண்டிட்டேன்."

இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு? மாஸ்டரே இன்னியோட நின்னுட்டாரே" என்றாள்.

ஒன்றே காலுக்குப் பொம்மனஹள்ளியில் சேலம் வண்டி கிடைத்தது. அதே 245 ரூபாய் இல்லை, திரும்பும்போது 260. தவறாகப் பதிந்த குறையைப் பதிந்தவனே காரணம் எழுதி மூட வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஓசூர் வருவதற்குள் அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் வேறொன்றை எழுதினேன், இந்த முறை தமிழில். அவருக்குத் தமிழ் படிக்க வரும் அல்லவா, மகள் தயவில்லாமல் அவரே படிக்கட்டும். அன்று நான் எழுதியதையும், அது எவ்வளவு பெரிய தப்பு என்பதையும் ஒளிக்காமல் எழுதி, போடுவதற்கு முன் ரெஜினாவுக்கு அனுப்பினேன். அப்பாவிடம் காட்டு என்றும் கேட்டுக்கொண்டேன்.

தொப்பூர் மலைப்பாதையில் சிக்னல் இல்லை. அது தாண்டிய பிறகுதான் பதில் வந்தது.

"வேணாம் சரவணா. தம்பிக்கு ரசம் புடிச்சிருந்துச்சாம்னு நீங்க போனதுலேருந்து கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு. அப்படியே இருக்கட்டும்."

எழுதியதை அழித்தேன். சேலத்தில் இறங்கியபோது மணி ஆறு. வீட்டில் மனைவி தோசைக்கல்லைப் போட்டபடி, அவ்வளவு தூரம் போனீர்களே, சாப்பாடு எப்படி என்று கேட்டாள். நல்லா இருந்தது என்றேன். இதே பதிலை மாஸ்டரிடம் சொல்ல எனக்கு மூன்று வருடம் இருந்தது.