ஸ்டோர் வாசலில் மாட்டிய காந்தம்

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் சுள்ளென்று கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. போடியில் வெல்டிங் பட்டறை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனே நான்தான். கேட் செய்ய வந்தவர், தொட்டிக்கு மூடி கேட்டு வந்தவர், எல்லோரிடமும் ஒரே வித்தையைக் காட்டுவேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். அதை எடுத்துத் தகட்டின் மேல் வைப்பேன். ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழும். "பாத்தீகளா, அசல் சரக்கு" என்பேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அண்ணனிடமும் அதைத்தான் காட்டினேன்.

அண்ணன் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளிச்சுவரோரம் அடுப்பு இருக்கும். விறகின் சூடும் புகையும் ஒரு பெரிய குழாய்க்குள்ளேயே அறைக்குள் தரையோடு சுற்றிவந்து, மறுபக்கம் புகைபோக்கியில் ஏறிப் போய்விடும். குழாயின் சூட்டில் அறை காயும். அறையின் சூட்டில் தட்டுகளில் பரப்பிய காய் காயும். புகை மட்டும் அறைக்குள் வரக் கூடாது. முன்பு இருந்தது இரும்புத் தகரக் குழாய். மலை மழைக்கு இரண்டு வருடம் தாங்குவதே பெரிய காரியம். முதலாளி அண்ணனிடம் புலம்பினார், அண்ணன் என்னிடம் சொன்னார், நான் எவர்சில்வரில் போட்டுக் கொடுத்தேன்.

மாட்டி முடித்த அன்று குழாய் கண்ணாடி மாதிரி மின்னியது. அண்ணன் அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார். நான் காந்தத்தை வைத்தேன், விழுந்தது. "இனிமே ஒங்க காலத்துக்கும் கவலை இல்லண்ணே" என்றேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுங்கள், எனக்கு விளம்பரமாக இருக்கும் என்று காந்தத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அதை ஸ்டோர் வாசல் நிலையில் ஓர் ஆணியில் மாட்டினார்.

கொஞ்ச நாளில் போன் வந்தது. அடுப்புப் பக்கம் குழாய் முதலில் பொன்னிறமாகி, பிறகு ஊதாவாகி, இப்போது நீலமாகிவிட்டதாம். "மயில் கழுத்து கணக்கா இருக்குடா" என்றார். சூடு பட்டால் அப்படித்தான் என்றேன். அது சரிதான். வெல்டிங் வைக்கும்போது நான் தினமும் பார்க்கிற நிறங்கள்தான் அவை.

இரண்டாவது மழைக்காலத்தில் வந்த போன் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, குழாய் தோலு உரியுதுடா. அடுப்பு அமந்து ஆறும்போது டிக்கு டிக்குன்னு என்னமோ பேசுது. பெறகு பாத்தா அடியில கறுப்புச் செதிலாக் கெடக்கு."

"பொகைக் கரியா இருக்கும்ண்ணே."

"கரி காந்தத்துல ஒட்டுமாடா? இது ஒட்டுதே."

"எவர்சில்வர் எங்கயாச்சும் உரியுமா? எனக்கு சோலி கெடக்குண்ணே, அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

போகவில்லை. அவர் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை எரிந்து விழுந்தேன். "தகட்டப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித் தாறீகளா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சரிப்பா, வரும்போது பாரு" என்றார். பெரிய வேலைக்காரன் என்ற திமிர் எனக்கு. அண்ணன் அந்தத் திமிரை எப்போதும் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

ஒரு நாள் மத்தியானம், காய் மூட்டை கொண்டுவந்த பெண்கள் அவரை ஸ்டோருக்குள் தட்டுகளுக்கு நடுவே கிடக்கப் பார்த்தார்கள். விறகு எரிந்து தணலாகிவிட்டிருந்தது, அறையில் புகை இல்லை. தணலின் நச்சுக் காற்றுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது என்பது யாருக்குத் தோன்றும்? அண்ணன் ஒரு காலத்தில் குடித்தவர். விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ஜீப்பில் அவரைக் கீழே இறக்கிக்கொண்டு வருவதற்குள் பேச்சு முந்திக்கொண்டது. போதையில் சூட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார் என்றார்கள். அன்று சாயங்காலமே எரித்துவிட்டோம்.

காரியம் முடிந்ததும் குழாயைப் பார்க்கச் சொல்லி முதலாளி கூப்பிட்டார். போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. ஆணியில் அந்தக் காந்தம் மாட்டியபடி இருந்தது. அதைச் சுற்றிக் கறுப்புச் செதில்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, கம்பளிப்பூச்சி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. நான் வந்தால் காட்ட வேண்டும் என்று அண்ணன் சேர்த்து வைத்திருக்கிறார். உள்ளே போய் அடுப்புப் பக்கத்துக் குழாயின் அடியில் கையை விட்டேன். என் கட்டைவிரல் உள்ளே போனது.

தகட்டை வெட்டி எடுத்தேன், புதிதாகப் போட்டேன். "சின்ன ஓட்டைதான், சரி பண்ணிட்டேன்" என்று முதலாளியிடம் சொன்னேன். காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் இறங்கினேன். மெட்டு இறங்கும் வரை டிரைவர் அண்ணனின் குடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். நான் பைக்குள் காந்தத்தை உருட்டிக்கொண்டே கேட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எவர்சில்வரில் கலந்திருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலாக மேலே படிந்து, உள்ளே இருக்கிற இரும்பைக் காக்கிறது. சூடு ஏற ஏற அந்தத் தோல் தடிக்கிறது. பொன்னும் ஊதாவும் நீலமும் அந்தத் தடிமன் காட்டுகிற நிறங்கள். தகடு சிவக்கிற சூட்டில் தோல் கறுத்துச் செதிலாகிவிடும். ஆறும்போது தகடு சுருங்குகிற அளவுக்குச் செதில் சுருங்காது, வெடித்து விழும். அண்ணன் கேட்ட சத்தம் அதுதான். உரிந்த இடத்தில் தகடு தன் குரோமியத்தைக் கொடுத்து மறுபடி தோல் போர்த்திக்கொள்ளும். தினமும் மூட்டி, தினமும் அமர்த்தினால், ஒரு நாள் கொடுக்க ஒன்றும் இருக்காது. பிறகு எரிவது இரும்பு. அதன் செதில் காந்தத்தில் ஒட்டும். அடுப்பு வாய்க்குப் போட வேறு ரகத் தகடு இருக்கிறது. நான் போட்டது அது இல்லை. இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது, என் வித்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

காந்தத்தைப் பட்டறை மேஜை டிராயரில் போட்டு வைத்தேன். துணியால் துடைத்தால் விரலில் கறை ஏறும், செதில் நகர்ந்து நகர்ந்து மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் வைத்த இடம் ஆறும்போது டிக்கென்று ஒரு சத்தம் வரும். இத்தனை வருடம் காதில் விழாத சத்தம். இப்போது அது கேட்டால் என் கை நின்றுவிடுகிறது. தம்பி, பேசுதுடா என்று அவர் பக்கத்தில் நின்று சொல்வது போலவே இருக்கும். ஒரு நாள் வீட்டில் பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் மயில் கழுத்து நிறம் தெரிந்தது. எடுத்துக் கொல்லையில் வீசிவிட்டேன். என் மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. செத்தவரிடம் பயமில்லை, அவர் எதற்கும் கோபித்துக்கொள்ளாத மனிதர் என்பதுதான் பயம்.

வருடம் திரும்புகிற நேரத்தில் மதினி வரச் சொன்னார். தேவாரம் போகிற பாதையில் வீடு. அண்ணன் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"குடிச்சுச் செத்தவரு வீடாமே, அதான் யோசிக்கிறாகளாம்" என்றார் மதினி. அழவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

டிராயரிலிருந்து எடுத்துப் போயிருந்த காந்தத்தை அவர் முன்னால் வைத்தேன். மூன்று போனையும் சொன்னேன், கட்டைவிரல் போன ஓட்டையைச் சொன்னேன்.

மதினி காந்தத்தைத் தொடவில்லை.

"தெரியும் தம்பி. காந்தத்துல ஒட்டுதுன்னு எங்கிட்டயும் சொன்னாக. மொதலாளிகிட்டச் சொல்லிருங்கன்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'தம்பி செஞ்ச வேல, மொதலாளி காதுக்குப் போனா அவன் பேரு கெட்டுப்போகும். அவனே வந்து பாக்கட்டும்'னுட்டாக."

"பெறகு நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே மதினி?"

"அவுக உசுரக் குடுத்துக் காப்பாத்துன பேர நான் எப்பிடிக் கெடுக்க? நீங்களாச் சொல்லுவீகன்னு ஒரு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அடித்திருந்தால் தேவலாம். உள்ளே அவர் மகள் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆகும்?" என்றார் மதினி. "நாலு பேரு முன்னாடி சொல்லுங்க."

அங்கிருந்து நேராகப் போடி ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். மலைக்குப் போகிற பேச்சும் மலையிலிருந்து வருகிற பேச்சும் அங்கேதான் லோடு ஏறும். தோட்டத்துக்குப் போகிற ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். என்னை அன்று இறக்கிக் கொண்டுவந்த டிரைவரும் இருந்தான். அவன் ஜீப்பின் பானெட் மேல் காந்தத்தை வைத்தேன், டப்பென்று பிடித்துக்கொண்டது.

"என்னண்ணே இது?" என்றான்.

"எங்கண்ணன் குடிக்கல" என்றேன். "அந்தக் குழாய் நான் போட்டது."