அக்கா அனுப்பிய லிங்க்

போன வியாழக்கிழமை காலை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காலிங் பெல்லை அழுத்தினேன். கதவைத் திறந்து "வாக்கா" என்றாள். அவ்வளவுதான்... ஒரே வார்த்தை!

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். என் தங்கை பகவதியைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். கதவைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து பேச ஆரம்பித்துவிடுகிற ஆள் அவள். லிஃப்ட் ரிப்பேர், மேல் வீட்டுக்காரியின் நாய், குழம்பில் கூடிப்போன புளி — எல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். நாகர்கோவிலில் இருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து ஆறு வருஷமாகிறது. ஒருநாளும் வால்யூம் குறைந்ததில்லை.

உள்ளே போனால், டைனிங் டேபிளில் மாளு. பகவதியின் மகள், நாலு வயது. முன்னால் தோசை. பகவதி அதைக் காட்டி, "தோச வேணோ?" என்றாள், மலையாளத்தில். மாளு திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சட்னி வேணோ?" என்றாள். பிறகு அமைதி. தாயும் மகளும் சாப்பிடுகிற மாதிரியே இல்லை. இன்டர்வியூ நடக்கிற மாதிரி இருந்தது.

"ஏட்டி, தொண்டை சரியில்லையா?" என்றேன்.

என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "புள்ள முன்னால தமிழ் பேசாண்டாம்னு இருக்கோம்க்கா. அஞ்சு வாரம் ஆச்சு."

"இதை யாரு சொன்னா?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீதானக்கா லிங்க் அனுப்புன?"

மாளுவுக்கு ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லி எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் டாக்டர்கள். ஒருவர் நெய் என்பார், ஒருவர் கோதுமையை நிறுத்து என்பார். ஒரு சித்தப்பா தினமும் ஒரு வீடியோ அனுப்புவார், பின்னணியில் புல்லாங்குழலோடு. அவர்களையெல்லாம் நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! படித்தவள் அல்லவா... நான் அனுப்பினது ஆங்கிலக் கட்டுரை. ஆங்கிலத்தில் இருந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வியாதி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

'வீட்டில் இரண்டு மொழி பேசினால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு வராது. ஒன்றை விட்டுவிடுங்கள்.' திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கண்ணில் பட்டது. இரண்டு பாரா படித்தேன். ரயில் வந்துவிட்டது. 'முக்கியம். அவசியம் படிக்கவும்' என்று போட்டுக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டு ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது, அதோடு மறந்தும் போனேன்.

இவர்கள் மறக்கவில்லை. தங்கையும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கணேஷ் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தை மலையாளத்தில் முடிப்பார், அது அவருக்கே தெரியாது. மாளுவின் ப்ளே ஸ்கூல் மலையாளம், தெரபி மலையாளம், பக்கத்து வீடு மலையாளம். அப்படியானால் எதை விடுவது? தமிழைத்தான்! இந்த ஊர்த் தமிழர்கள் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆனால் பகவதிக்குத் தெரிந்த மலையாளம் காய்கறிக் கடைக்கும் ஆட்டோவுக்கும் போதும். குழந்தையிடம் கொஞ்சவும் கோபிக்கவும் போதாது.

"என்ன சொல்லணும்னு மனசுல கட்டிட்டுப் பேசணும்க்கா. நான் கட்டி முடிக்கதுக்குள்ள அவ எந்திச்சுப் போயிருவா. பொறவு யார்ட்ட பேச?" என்றாள் பகவதி.

இன்னொன்றும் சொன்னாள். குக்கர் சத்தம் மாளுவுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொள்வாள். "விசில் வந்தாச்சு, சோறு..." என்று பகவதி இழுப்பாள். "ஆச்சு" என்று மாளு முடிப்பாள். மாளு சொல்கிற வார்த்தைகளே பத்துப் பன்னிரண்டுதான். அதில் இது ஒன்று. ஐந்து வாரமாக யாரும் இழுக்கவில்லை. அந்த 'ஆச்சு'வும் போய்விட்டது.

சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஒரு தாயின் வாயை அடைத்தது நான்தான். ஒரு விரலால், ரயில் வருகிற அவசரத்தில்!

சரி, அழுதால் ஆகுமா? அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். இதன் அடி வரை போகாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

முதலில் நான் அனுப்பிய அதே கட்டுரை. இந்த முறை முழுசாகப் படித்தேன். எழுதியவர் பெயரைத் தேடினேன், இல்லை. எப்போது எழுதியது? அதுவும் இல்லை. 'ஆராய்ச்சிகள் சொல்கின்றன' என்று நாலு இடத்தில் இருந்தது. எந்த ஆராய்ச்சி, யார் செய்தது, எங்கே செய்தது... மூச்! கடைசி வரிக்குக் கீழே பெரிய பச்சை பட்டன்: 'ஒரே மொழிப் பயிற்சி ஆன்லைன் வகுப்பு — இன்றே சேருங்கள், சில இடங்களே உள்ளன.' அந்தப் பட்டன் வரைக்கும் விரலைத் தள்ளியிருந்தால் போதும். இரண்டே நிமிஷ வேலை.

பிறகு தமிழில் தேடினேன். ஐயோ! தொண்ணூறு நாளில் குணம், எண்ணெய் தேய்த்தால் குணம், பெயரை மாற்றினால் குணம். ஆட்டிசம் என்ன காய்ச்சலா, இறங்கிப் போக? மூளை வளர்கிற விதம் வேறு, அவ்வளவுதான். பேசவும் பழகவும் தன் காரியத்தைத் தானே பார்க்கவும் குழந்தைக்கு உதவலாம். அந்த உதவி பெரிய விஷயம். ஆனால் 'குணம்' என்று ஒருவர் ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த வீடியோக்களின் கீழே வரிசையாக அம்மாக்கள் — 'நம்பர் அனுப்புங்க சார்', 'என் பொண்ணுக்கு அஞ்சு வயசு சார்'. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த அம்மாக்கள் மேல் இல்லை.

மலையாளத்திலும் இதே கூத்துதான். ஆனால் நடுநடுவே நல்லதும் இருந்தது. மருத்துவ சங்கங்களின் பக்கங்கள், பேச்சுப் பயிற்சியாளர்களின் அமைப்புகள், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியவை. அங்கே புல்லாங்குழல் இல்லை. கொஞ்சம் போரடித்தது என்றுகூடச் சொல்வேன். ஆனால் எழுதியவருக்குப் பெயர் இருந்தது, எதை வைத்துச் சொல்கிறார் என்பதும் இருந்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நாலு இடங்களில் ஒரே பதில்: இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குழந்தைகளுக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெற்றோர் தங்களுக்கு இயல்பாக வருகிற மொழியில் பேசலாம்.

நிம்மதியாக இருந்தது. ஆனால் ஒருமுறை அவசரப்பட்டவள் இல்லையா? இந்தத் தடவை யாருக்கும் அனுப்பவில்லை. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் பகவதியோடும் மாளுவோடும் தெரபி சென்டருக்குப் போனேன்.

ஸ்பீச் தெரபிஸ்ட் ஷைனிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சேச்சி, வீட்டில் தமிழ் நிறுத்தியோ? ஆரு பறஞ்ஞு?" யார் சொன்னதாம்!

பகவதி தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினேன்.

ஷைனி சிரிக்கவில்லை. "அம்மைக்கு தாராளமாயிட்டு வர்த்தமானம் பறயான் பற்றுந்ந பாஷ ஏதோ, அது மதி" என்றார். அம்மா எந்த மொழியில் தடையில்லாமல் பேசுவாளோ, அது போதும்! இங்கே மலையாளம் இருக்கட்டும், வீட்டில் தமிழ் இருக்கட்டும் என்றார். கொஞ்ச நாளாகவே மாளு சுருங்கிப் போயிருப்பதைக் கவனித்தாராம், ஸ்கூல் மாற்றியிருப்பார்களோ என்று நினைத்தாராம்.

"அந்த ஆச்சு திரும்ப வருமா மேடம்?" பகவதி கேட்டாள்.

"அறியில்ல சேச்சி" என்றார் ஷைனி. தெரியாதாம்! "நோக்காம்... நமுக்கு ஸ்ரமிக்காம்." முயற்சி செய்வோம். நான் தேடிய தேடலில் 'தெரியாது' என்று சொன்ன வீடியோ ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிளம்பும்போது ஷைனி கேட்டார், முதலிலேயே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. பகவதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா பத்திரிகைல எழுதுதவ மேடம். அவ அனுப்புனா சரியாத்தான் இருக்கும்னு..."

இதைவிட ஒரு அடி உண்டா? லிங்க்கை யார் நம்புகிறார்கள்? அனுப்புகிற ஆளைத்தான் நம்புகிறார்கள். நாலு பேர் நம்மை நம்புகிறார்கள் என்றால், நாம் இரண்டு மடங்கு படித்துவிட்டு அனுப்ப வேண்டும்.

திரும்பும்போது ஆட்டோவில் பகவதி வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது. அந்த நேரத்தில் குடும்பக் குழுவில் எழுதினேன்: 'நான் அனுப்பியது தவறு. முழுதும் படிக்காமல் அனுப்பினேன். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.' யார் யார் அதை வெளியாட்களுக்கு அனுப்பினார்கள் என்று விடாமல் கேட்டேன். விதுராவில் டீச்சராக இருக்கும் மாமா மகள், பக்கத்துப் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், மாளு மாதிரியே குழந்தையுள்ள ஒரு அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். நம்பர் வாங்கி ஆட்டோவில் இருந்தே கூப்பிட்டேன். "அது இங்கிலீசுல இருந்திச்சுங்க, நான் படிக்கவே இல்ல" என்றார் அந்த அம்மா. நல்ல காலம்!

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தினாள் பகவதி. மாளுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆரம்பித்தாள்.

"உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்காக்கா? ரெண்டு பாரா படிச்சிட்டு அனுப்புனியாம்லா! அஞ்சு வாரம் என் புள்ளைட்ட நான் ஊமையா இருந்தேன், கேட்டியா? மலையாளத்துல கொஞ்சச் சொல்லுக... நீ கொஞ்சுவியா? எங்க, இப்பம் கொஞ்சு பாப்போம்!"

பத்து நிமிஷம். மூச்சு விடவில்லை. மாளு எதுவும் சொல்லவில்லை. அதிசயம் நடந்ததாக எழுத எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் கொண்டுபோய் அவள் தொண்டையில் வைத்து, உள்ளேயிருந்து சத்தம் வருவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். திட்டு நின்றுவிட்டால் என்ன செய்வது?