எல்டன் ஹூபர் ஓய்வு பெற்ற கதை

எல்டன் ஹூபருக்கு ஹெஸ்டர்வில் உயர்நிலைப் பள்ளியில் பிரிவு உபசார விழா நடந்த அன்று, ஊரில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். அந்தப் பாதிப் பேருக்கும் வடிவியல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தலைமையாசிரியர் ரஸ்டி நோவக் அதே பாடத்தை அவரிடம் இரண்டு வருடம் படித்தவர். முதல் வருடம் தேறவில்லை. மேடையில் அவரைப் புகழ்ந்து பேசும்போதுகூட ரஸ்டியின் கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கித் தந்தார்கள். பழுப்பு நிறம். பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தால் காலுக்கு ஒரு பலகை மேலே வரும். "இனிமே காலை நீட்டி நிம்மதியா உட்காருங்க" என்று கால்பந்துப் பயிற்சியாளர் டெனிஸ் க்ரம் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பன்றித் தொடைக்கறி சாண்ட்விச்சும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

எல்டனும் போனார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஜூன் மாதத்தில் அவர் சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். காப்பித்தூளைத் தேடித் தேடி அவர் மனைவி லவோன் அன்று காப்பியே குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கொடுக்கிற அறிவிப்புத் தாளைச் சிவப்பு மையில் திருத்தி, பாதிரியார் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். லவோன் துணி மடிப்பதைப் பார்த்து, "மூலை மூலையோட சேரணும், லவோன்" என்றார். அவளுக்குத் திருமணமான நாளிலிருந்து துணி மடித்துப் பழக்கம்.

எல்டனுக்கும் அது சுகமான காலம் இல்லை. காலையில் எழுந்து குளித்து, டை கட்டிக்கொண்டு, சோள வயலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எந்த மணியும் அடிக்காது. தபால் நிலையத்துக்கு ஒரே நாளில் இரண்டு தடவை போவார். இரண்டாவது தடவை அங்கே இருக்கிற பெண், "வாத்தியாரே, உங்களுக்கு இன்னும் கடுதாசி எதுவும் வரல" என்பாள்.

ஆகஸ்ட் மாதம், மளிகைக் கடையில் ஐஸ் பெட்டியில் பட்டாணி இருக்கும் இடத்துக்கு முன்னால் லவோன் ரஸ்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரஸ்டி, எங்க வீட்டுக்காரரைப் பள்ளிக்கூடம் திருப்பி எடுத்துக்கணும்."

"மிஸஸ் ஹூபர், அவர்தான் ரிட்டயர் ஆயிட்டாரே. நாற்காலியெல்லாம் கொடுத்து அனுப்பினோமே."

"அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டுத்தான் உருளைக்கிழங்கு எப்படி உரிக்கணும்னு எனக்குச் சொல்லித் தர்றார்."

ரஸ்டி தலையைச் சொறிந்தார். "கணக்குக்கு ஆள் போட்டாச்சு. லிங்கன் டவுன்லேருந்து கெய்லான்னு ஒரு பொண்ணு. இப்ப காலியா இருக்கிறது சமையலறையில பாத்திரம் கழுவுற வேலை ஒண்ணுதான்."

"அது போதும்" என்றாள் லவோன். கணவனைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் எல்டன் ஒரு நாள் முழுக்கக் கார் கொட்டகைக்குள் இருந்தார். மறுநாள் வெளியே வந்து, "டை கட்டிக்கிட்டுத்தான் போவேன்" என்றார்.

"தொப்பிகூட வச்சுக்கோ. போனா சரி" என்றாள் லவோன்.

பள்ளிச் சமையலறைக்குத் தலைவி ஆர்டிஸ். கனத்த உடம்பு, கணீர்க் குரல். அவளுக்கும் எல்டனுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. முன்பொரு நாள் ஆசிரியர் அறையில் எல்டன் அவள் செய்த மாட்டிறைச்சித் துண்டின் மேல் பாகைமானியை வைத்து, "இது வளையவே மாட்டேங்குதே, நேர்கோடு" என்று சொல்ல, அறையே சிரித்தது. சிரிப்புச் சத்தம் நடைக்கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் போயிருந்தது.

முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் ஆர்டிஸ் தலைமுடி வலை ஒன்றை நீட்டினாள்.

"வாங்க வாத்தியாரே. பாகைமானி கொண்டு வந்தீங்களா?"

"இல்லை."

"நல்லது. கரண்டி எடுங்க."

அன்று பரிமாற ஒரு ஆள் குறைந்ததால் அவரை வரிசையில் நிறுத்தினாள். எல்டன் மசித்த உருளைக்கிழங்கை ஒவ்வொரு தட்டிலும் ஒரே அளவாக வைத்தார். கூடிப்போனால் கொஞ்சம் திரும்ப எடுத்தார். குறைந்தால் கரண்டி நுனியால் சேர்த்தார். வரிசை நடைக்கூடத்தைத் தாண்டி, வெளிக்கதவைத் தாண்டிக் கொடிக்கம்பம் வரைக்கும் நீண்டது. அடுத்த மணி அடித்தபோது பாதிப் பிள்ளைகள் பட்டினி.

"வாத்தியாரே, இது சாப்பாடு. பரீட்சை இல்லை" என்று சொல்லி, ஆர்டிஸ் அவரைப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அனுப்பினாள்.

தொட்டியில் அவர் நன்றாகவே இருந்தார். வெந்நீர், ஆவி, அடுக்கடுக்காகத் தட்டுகள். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தேய்ப்பார். மூன்றாவது நாள் வேலை முடிந்ததும் பழைய பழக்கத்தில் காப்பிக் கோப்பையோடு ஆசிரியர் அறைக்குப் போனார். தலையில் வலையைக் கழற்ற மறந்துவிட்டார். எல்லாரும் அந்த வலையையே பார்த்தார்கள்.

டெனிஸ்தான் வாயைத் திறந்தார். "எல்டன், தப்பா நினைக்காதீங்க. அந்த நாற்காலி… அது ரிட்டயர் ஆகிறவருக்குன்னு கொடுத்தது."

"ஆமா."

"நீங்க ஆகலையே."

எல்டன் மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. "நாளைக்கே வரும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலை நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, துப்புரவுக்காரரின் தள்ளுவண்டியில் வைத்து நடைக்கூடத்தில் தள்ளினார். ரோஷத்தில் வேகமாகத்தான் தள்ளினார். சமையலறை வாசலைத் தாண்டும்போது உள்ளே பார்வை போயிற்று. ஆர்டிஸ் கவிழ்த்துப் போட்ட ஊறுகாய் வாளியின் மேல் உட்கார்ந்து, ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதத்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். விடியும் முன் வந்து மாவு பிசைந்தவள். சமையல்காரர்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எல்டன் பார்த்ததே இல்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. இத்தனை வருஷமாக அந்த வாசலைத் தாண்டிப் போனவருக்கு, அந்த வாளி இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

தள்ளுவண்டியைத் திருப்பினார்.

"என்னது இது?" என்றாள் ஆர்டிஸ்.

"நாற்காலி."

"தெரியுது. எதுக்கு?"

"உட்காரத்தான்" என்று சொல்லிவிட்டு எல்டன் தொட்டிப் பக்கம் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

செய்தி முதல் வகுப்பு முடிவதற்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. டெனிஸ் விசிலைக் கழுத்தில் மாட்டியபடியே வந்தார். ஆர்டிஸ் பலகையில் காலை நீட்டிப் படுத்த வாக்கில் இருந்தாள்.

"ஆர்டிஸ், இது ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கின நாற்காலி."

"எடுத்துக்கோ, டெனிஸ். யாரு வேண்டாம்னது?" அவள் எழுந்திருக்கவில்லை. "நாளைக்குச் சில்லிக் குழம்பும் இனிப்பு சின்னமன் ரோலும். போன தடவை எத்தனை தின்னே?"

டெனிஸின் கை தானாக வயிற்றைத் தடவியது.

"உன் பிள்ளைங்களும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி அதைத்தான் கேக்கிறாங்க. எனக்குக் கால் வலின்னா, மாவு எப்படிப் பிசையறதுன்னுதான் யோசிக்கிறேன்."

டெனிஸ் நாற்காலியை ஒரு தரம் பார்த்தார். எல்டனின் முதுகை ஒரு தரம் பார்த்தார். "உனக்கு வசதியா இருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மாவட்டச் சுகாதார அதிகாரி வந்து, சமையலறைக்குள் துணி நாற்காலி கூடாது என்றார். சாமான் அறைக்கு வெளியே, நடைக்கூடத்து ஓரத்துக்கு அதை நகர்த்தினார்கள். அதற்கப்புறம் சங்கீத ஆசிரியையிலிருந்து டெனிஸ் வரைக்கும், இடுப்பு வலி என்று யார் வந்தாலும் ஆர்டிஸிடம் அனுமதி கேட்டுத்தான் உட்கார்ந்தார்கள். தருவாள். சில நாள் தரமாட்டாள்.

பனி கொட்டுகிற ஜனவரியில், கணக்கு ஆசிரியை கெய்லா கொலராடோவில் இருக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ரஸ்டி தொட்டியருகே வந்து நின்றார். பொத்தானைத் திருகினார்.

"சார், வடிவியல் வகுப்பு அநாதையாக் கிடக்குது. நீங்க வரணும்."

எல்டனின் கை சட்டிக்குள் நின்றது. முகத்தில் வெளிச்சம் வந்ததை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஆர்டிஸைக் கேளு" என்றார்.

ரஸ்டி திரும்பினார். ஆர்டிஸ் ரோல்களை வெட்டிக்கொண்டே, "சட்டி யாரு கழுவுவாங்க?" என்றாள்.

"நான் தலைமையாசிரியர், ஆர்டிஸ்."

"அதனாலென்ன, சட்டி கழுவத் தெரியாதா? கத்துக்கலாம்."

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. மதியச் சட்டிகள் முடிந்த பிறகு வாத்தியாரை விடுவாள். வகுப்பில் எவனாவது தூங்கினால் அவனைச் சட்டி கழுவ அவளிடம் அனுப்ப வேண்டும். அந்தப் பாதி வருஷம் எல்டன் தலைமுடி வலையோடும் டையோடும் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். முதல் நாள் ஒரு பையன் சிரித்தான். "வா, வந்து வட்டம் வரை" என்றார். அவன் வரைந்தது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது, எல்டனும் சேர்ந்து சிரித்தார். முன்பெல்லாம் அவர் வகுப்பில் சிரித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மே மாதம், இந்த முறை நிஜமாகவே போகிறேன் என்றார். "சார், இன்னொரு விழாவெல்லாம் முடியாது" என்று ரஸ்டி கும்பிடாத குறையாகச் சொன்னார். விழா இல்லை. ஆர்டிஸ் மட்டும் ஒரு தட்டு நிறைய ரோல் கொடுத்தாள். "அளந்து பார்க்காம சாப்பிடுங்க" என்றாள். வண்டி வரைக்கும் கூடவே நடந்து வந்தாள், வலிக்கிற காலோடு.

லவோன் செய்தியைக் கேட்டுக்கொண்டாள். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும், திங்கட்கிழமை காலை உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போய், பாத்திரம் கழுவுகிற வேலை காலிதானே என்று ஆர்டிஸைக் கேட்டாள். ஆர்டிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவர் வீட்டில இருக்கார், அதானே?"

"அதேதான்."

"வலை அங்க தொங்குது, எடுத்து மாட்டு."

இப்போது எல்டன்தான் வீட்டில் துணி மடிக்கிறார். மதியம் அவள் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், போட்டு வைத்த காப்பியை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். டெனிஸ் என்ன சொன்னான், ரஸ்டி என்ன சொதப்பினான், இன்றைக்கு என்ன கறி, எல்லாவற்றையும் அவள் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.