இல்லாத கிரகத்தில் கட்டிய வீடு

அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணி நிறைந்த வாளியோடு பால்கனிக்குப் போனவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார். வாளியின் அடியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு ராக்கெட் நிலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நிலா ஏன் இம்புட்டுப் பக்கத்துல இருக்கு தம்பி?" என்று கேட்டார். இது விளையாட்டு, எல்லாவற்றையும் சுருக்கி வைத்திருக்கிறார்கள், உண்மையான தூரத்தை வைத்தால் யாரும் விளையாட மாட்டார்கள் என்றேன். "நெசத் தூரத்த வச்சுப் பாத்தாங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் அவர் துணி காயப்போடப் போய்விட்டார்.

அப்போது அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஹவுராவை ஒட்டிய சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு லேக் கார்டன்ஸில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். அண்ணன் சரக்கு ரயிலில் கார்டு. டூட்டி என்று போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. நான் சால்ட் லேக்கில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். அண்ணி சாத்தூர்ப் பக்கம். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, ஆராய்ச்சிக்குப் போக இடமும் கிடைத்திருந்த நேரத்தில் இந்தச் சம்பந்தம் அமைந்துவிட்டது. அந்த இடத்தைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. அம்மாதான் யாரோ சொல்லிக் கேட்டு எனக்குச் சொன்னாள். அண்ணி என்னைவிட ஒரு வயது இளையவர். ஆனால் முறை முறைதான் என்று என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார். நானும் வாங்க, போங்க என்றுதான் பேசினேன். வங்காளம் அவருக்கு வரவில்லை. இந்தியும் அரைகுறை. காலையில் வேலை முடிந்ததும் வீட்டில் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே வந்து கேட்டார், அந்தத் தூரங்களை மாற்ற முடியுமா என்று. முடியும். ஒரு விளையாட்டை உண்டாக்கிய கம்பெனி அல்லாமல், அதை விளையாடுகிறவர்களே எழுதிச் சேர்க்கும் பகுதிக்கு மாட் என்று பெயர். வேண்டியவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் ஏற்கெனவே சின்னதாக ஒன்றிரண்டு எழுதியிருந்தேன். உண்மையான அளவில் சூரியன், கிரகங்கள், அதற்கு அப்பால் உண்மையான நட்சத்திரங்கள் என்று ஒரு மாட் செய்வோம் என்று தொடங்கினோம். அம்மா என் மேஜையை அறையிலிருந்து இழுத்து ஹாலில் போடச் செய்தாள். "கீழ் வீட்டுக்காரங்க வந்து போறாங்க. ரெண்டு பேரும் ஹால்லயே உக்காந்து பண்ணுங்க" என்றாள். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த மாட்டுக்கு இப்படிப் பாடுபடுறீங்க?" என்று வேறு கேட்பாள். அண்ணன் டூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?" என்பான். "சனிக்குப் பக்கத்துல" என்று அண்ணி திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

முதலில் எல்லாமே தோல்விதான். விளையாட்டுக்குள் இருந்த பூமி பொம்மைப் பூமி. அதை உண்மையான அளவுக்குப் பெருக்கியதும் எந்த ராக்கெட்டும் மேலே போய்ச் சேரவில்லை. எல்லாம் பாதியிலேயே திரும்பிக் கடலில் விழுந்தன. அதைச் சரிசெய்ததும் வேறொன்று வந்தது. தொலைவில் போகப் போகக் கப்பல் நடுங்கத் தொடங்கியது, குளிர் ஜுரம் கண்டதுபோல. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காயை நிறுக்கிற கதைதான். தூரம் பெரிதாகிவிட்டால் கம்ப்யூட்டரின் கணக்கில் சின்ன அளவுகள் தப்பிப் போய்விடுகின்றன. கப்பலை நடுவில் அசையாமல் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி நகர்த்த வேண்டும் என்பது இத்துறையில் தெரிந்த வழி. நான் எழுதினேன், அண்ணி கணக்கைச் சரிபார்த்தார். அவர் சரிபார்க்கிற முறையில் ஒரு பிடிவாதம் இருக்கும். விடை சரியாக வந்துவிட்டது என்பது போதாது, ஏன் சரியாக வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

சூரியனை நான் மஞ்சளாக வைத்திருந்தேன். அவர் வெள்ளையாக்கினார். காற்று மண்டலத்துக்கு வெளியே போனால் அது வெள்ளைதான். இறக்கி விளையாடியவர்கள் சூரியன் கெட்டுப்போய்விட்டது என்று புகார் எழுதினார்கள். நட்சத்திரங்களின் இடம், தூரம், நிறம் எல்லாவற்றையும் விண்வெளித் தொலைநோக்கிகளின் பொதுத் தரவுகளிலிருந்து எடுத்தார். கிரகம் கண்டுபிடிக்கப்பட்ட நட்சத்திரத்துக்கு மட்டும் கிரகம் வைத்தார். மற்றவை வெறும் நட்சத்திரங்கள். இவ்வளவு தூரம் போய் ஒன்றுமில்லையே என்று ஆட்கள் கேட்டபோது, ஏதாவது கற்பனையாக இரண்டு கிரகம் போட்டுவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "தெரியாதத தெரியாதுன்னே விட்டுருவோம் தம்பி" என்றார். எங்கள் மாட்டின் பக்கத்தில் முதல் வரியாகவே எழுதிவைத்தார்: உண்மையில் இருப்பவை மட்டும்.

அதனாலேயே அதற்கு ஆட்கள் சேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன். பல நாடுகளிலிருந்தும் எழுதினார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு சிறிய சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றிவந்த கிரகம். அதன் எடையும் அதன் ஆண்டு எவ்வளவு என்பதும் மட்டுமே விஞ்ஞானிகள் சொல்லியிருந்தார்கள். எஞ்சியதை அண்ணி அந்த எண்களிலிருந்து ஊகித்து அமைத்தார். பனி மூடிய சமவெளி, மங்கலான செம்மை வெளிச்சம், கிரகம் ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்றுவதால் அடிவானத்தில் அசையாமல் நிற்கும் நட்சத்திரம். அதில் இறங்குவது சுலபம் என்பதால் ஆட்கள் அதற்கு ஹார்பர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே நிலையங்கள் கட்டினார்கள், எரிபொருள் கிடங்குகள் கட்டினார்கள். படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். அண்ணி அவற்றை அம்மாவிடம் காட்டுவார். "பனியா? சாயங்காலமா?" என்று அம்மா கேட்பாள். "அங்க எப்பவும் சாயங்காலந்தான் அத்தை."

பிறகு ஒருநாள் காலை, நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அண்ணி இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"தம்பி, ஹார்பர் இல்லையாம்."

எனக்கு விளங்கவில்லை. சர்வரில் ஏதோ அழிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் விளக்கினார். ஒரு கிரகம் சுற்றிவந்தால் அதன் நட்சத்திரம் லேசாக அசையும். அந்த அசைவைப் பார்த்துத்தான் கிரகம் இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது வேறு ஆட்கள் மறுபடி அளந்து பார்த்து, நட்சத்திரத்தின் மேலிருக்கும் கரும்புள்ளிகள் அது சுழலும்போது போய் வருவதால் அசைவுபோலத் தெரிந்தது, கிரகமே கிடையாது என்கிறார்கள். முதலில் கண்டுபிடித்தவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டுமே அண்ணி. எத்தன பேர் அங்க கட்டி வச்சிருக்காங்க."

"இல்லாத எடத்துல."

"வேணுங்கறவங்க வச்சுக்கட்டும்னு ஒரு பட்டன் வச்சிரலாம்."

"அப்ப மொத வரிய அழிச்சிருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த இட்லியை எடுத்து வைத்தார்.

அன்றைக்கு பஸ்ஸில் போகும்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. அந்தச் சமவெளியை உருவாக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று பார்த்தவன் நான். அதை அவரே ஒரு காலைப்பொழுதில் தூக்கிப்போடச் சொல்கிறார். ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் எங்கள் மாட்டுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் கிடையாது என்பதும் தெரிந்தது. அடுத்த பதிப்பில் ஹார்பர் இருக்காது என்று இருவர் பெயரிலும் அறிவித்தோம்.

திட்டித் தீர்த்துவிட்டார்கள். சிலர் கெஞ்சினார்கள். ஒருவர் அழகான கோபத்தோடு, நீங்கள் நட்சத்திரத்தையாவது விட்டுவைப்பீர்களா என்று கேட்டிருந்தார். அண்ணி எல்லாவற்றையும் படித்தார், எதற்கும் மனம் மாறவில்லை. அப்போதுதான் பர்த்வானிலிருந்து ஒரு பெண் எழுதினார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய அண்ணன் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கட்டடத்திலிருந்து விழுந்து, பிறகு படுக்கையோடு இருந்தவர். எங்கள் மாட்டை ஆண்டுக்கணக்காக விளையாடினார். ஹார்பரில் ஒரு பெரிய நிலையம் கட்டினார், ஒவ்வொரு விளக்காக. இப்போது அவர் இல்லை. தங்கைக்கு இந்த விளையாட்டு ஆடத் தெரியாது. எப்போதாவது லேப்டாப்பைத் திறந்து அந்த நிலையத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். கிரகத்தை வைத்திருங்கள் என்று அவர் கேட்கவில்லை. "அதன் மேல் இருக்கும் பொருள்கள் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

உண்மையான பதில், அழிந்துபோகும் என்பதுதான். கிரகம் இல்லையென்றால் அதன்மேல் நிற்பவற்றை விளையாட்டு தானாகவே நீக்கிவிடும். பழைய பதிப்பையே வைத்துக்கொண்டால் போதும் என்று அவருக்கு எழுதிவிடலாம் என்றேன். மத்தியானம் சாப்பாடு முடிந்து, அம்மா படுத்த பிறகு, அண்ணி ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அந்த லேப்டாப் எத்தன காலத்துக்கு ஓடும்? வேற வாங்குனா பழசு அதுல ஏறுமா? கிரகம் இல்ல, சரி. ஆனா அவரு கட்டுனது நெசந்தான தம்பி? உக்காந்து கட்டியிருக்காருல்ல. அது எதுக்குப் போகணும்?"

அதற்கு என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தார். ஹார்பரின் மேல் நின்றவை எல்லாம், கிரகம் மறைந்ததும், அதே தூரத்தில் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தையே சுற்றிவர வேண்டும். சொல்ல எளிது. தரையில் நின்ற ஒன்றுக்குச் சரியான வேகம் கொடுத்து வெளியில் விடுவது அப்படியல்ல. முதல் சோதனையில் நிலையம் துண்டு துண்டாகச் சிதறியது. அடுத்ததில் நட்சத்திரத்துக்குள் போய் விழுந்தது. அதற்குள் அண்ணி புரோகிராம் எழுதவும் கற்றிருந்தார். என் ஆபீஸில் வேலை நெருக்கடியாக இருந்த காலம் அது. பெரும்பகுதியை அவரே எழுதினார். அறிவித்த பதிப்பைத் தள்ளிப்போட்டோம். அதற்கும் திட்டு வாங்கினோம்.

தயாரானதும் நர்ஸுக்கு எழுதினோம். தனியாகப் புதிய பதிப்பைப் போட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் ஹவுரா வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒல்லியான பெண், முப்பது வயதிருக்கும். அம்மா காபியும் முறுக்கும் கொடுத்தாள். அவர் அண்ணியை பௌதி என்று கூப்பிட்டார். வங்காளத்தில் அண்ணிக்கு அதுதான் பெயர். வேறெப்படிக் கூப்பிடுவது என்று தெரியாத பெண்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். அண்ணியிடம் இருந்தது காய்கறி வாங்கும் அளவு வங்காளம்தான். அதை வைத்தே பேசினார். முதலில் நிலையம் இருந்த ஃபைலை இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்தார். "பயப்படாதே. இது கெட்டுப்போனாலும் அது இருக்கும்" என்று காட்டினார்.

புதிய பதிப்பைப் போட்டுத் திறந்தோம். திரை நெடுநேரம் கறுப்பாகவே இருந்தது. நர்ஸ் முறுக்கைக் கையில் பிடித்தபடியே இருந்தார். பிறகு நிலையம் தெரிந்தது. கீழே தரையில்லை, பனியில்லை. வரிசை வரிசையாக அவர் அண்ணன் போட்ட விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருக்க, ஒரு பக்கம் முழுவதும் சிவப்பு வெளிச்சம் விழுந்து, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு விளக்குகூடக் குறையவில்லை என்று அவர்தான் சொன்னார். அவருக்கு ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது.

வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தாதாவுக்கு இது பிடித்திருக்கும். கீழே விழாதா பௌதி?" என்று கேட்டார். தாதா என்றால் அண்ணன்.

"பொர்பே நா" என்றார் அண்ணி. விழாது. பிறகு தமிழில் என்னைப் பார்த்து, "கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்னு சொல்லுங்க தம்பி, எனக்கு வங்காளத்துல வரல" என்றார். நான் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. அம்மா வேறு போட்டுக்கொண்டு வந்தாள்.

அவர் போனபிறகு அண்ணி தன்னுடைய விளையாட்டைத் திறந்தார். ஹார்பரில் அவரும் இறங்கி ஒரு கொடி நட்டுவைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைக் காணவில்லை. ஆட்கள் கட்டியவற்றை மட்டுமே இடம் மாற்றும்படி எழுதியிருந்தார், கொடிகளைச் சேர்க்கவில்லை. உங்களுடையதையாவது சேர்த்திருக்கலாமே என்றேன். "கொடிதான தம்பி" என்று சொல்லிவிட்டு, விளக்கேற்றும் நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

இப்போது அண்ணனுக்குக் கரக்பூரில் வேலை. அண்ணி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறார். என்னைவிட நன்றாக வங்காளம் பேசுகிறார். ஆராய்ச்சிக்குப் போகலாமே என்று அண்ணனே ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பார்க்கலாம் என்றாராம். மாட்டை வேறு நாடுகளில் இருக்கும் சிலரிடம் ஒப்படைத்துவிட்டோம். அந்த முதல் வரியை அவர்கள் மாற்றவில்லை. ஹால் மேஜையில் அம்மா இப்போது காய் நறுக்குகிறாள்.

போன மாதம், பக்கத்து நட்சத்திரம் ஒன்றில் புதிதாகக் கிரகம் கண்டிருக்கிறார்கள் என்று படித்தேன். உடனே அண்ணியைக் கூப்பிட்டேன். பள்ளியில் இடைவேளை போலிருந்தது, பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"எத்தன பேர் பாத்திருக்காங்க?"

"ஒரு குழுதான் அண்ணி."

"இன்னொருத்தரும் பாத்துச் சொல்லட்டும் தம்பி. அதுக்குள்ள யாரும் போயி வீடு கட்டிரப் போறாங்க" என்றார். மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது என்று போனை வைத்தார்.